நாரி நோவும் எக்ஸ்றேப் படமும்

1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் தங்கியிருந்தது வட்டுக்கோட்டையில். 1823இல் தொடங்கிய செமினரி அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. விரைவிலேயே அவர் மானிப்பாய்க்கு மாறினார். 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். பின்னாளில் அந்தப் படிப்பைத் தமிழிலேயே நடத்தினார். உடலின் அமைப்பு, அதன் தொழிற்பாடு, உடல்நலம் பேணல் மூன்றையும் சேர்த்துச் சொல்லும், கற்றர் என்பவர் எழுதிய நூலை 1852இல் தமிழில் கொண்டுவந்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என்று நூல்கள் தொடர்ந்தன. அந்த வகுப்புகள் வழியே ஊருக்குள் வந்தவற்றில் எந்த மருந்தையும்விடப் பெரியது ஒரு நினைப்பு: ஒவ்வொரு நோய்க்கும் உடலுக்குள்ளே ஓர் இருப்பிடம் உண்டு, கீறித் திறந்தால் அதைக் கண்ணாலே காணலாம் என்பது. நாடி பிடித்து ‘வாதம் கூடிப்போச்சு’ என்ற பரியாரியாருக்கு நோய் உடல் முழுவதும் ஓடித் திரிவது. கிறீனின் மாணவனுக்கு அது இன்ன எலும்பில், இன்ன குழாயில் குடியிருப்பது. முறிந்த காலுக்கும் சலப்பைக் கல்லுக்கும் சீழ் கட்டிய புண்ணுக்கும் இந்த நினைப்பு செய்த நன்மைக்கு அளவே இல்லை. 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பின் கீறித் திறக்காமலே உள்ளே பார்க்க முடிந்தது, இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கான் எலும்பை மட்டுமல்லாமல் தசையையும் நாரையும் நரம்பையும் காட்டுகிறது.

ஆகவே வட்டுக்கோட்டையில் எழுபது வயதில் ஒருவருக்கு முழங்கால் நோகத் தொடங்கினால், அல்லது நாரி பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால், அவர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது இயல்பு. பெரிய உறையில் வரும் அந்தப் படம் பிறகு காணி உறுதிகளோடு அலுமாரியில் ஏறிவிடும். ‘எலும்பு தேய்ஞ்சிட்டுது, இனி ஒண்டும் செய்யேலாது’ என்ற தீர்ப்பும் அதோடு வீட்டுக்கு வந்துவிடும். கோயிலுக்கு நடந்து போனவர் ஓட்டோ பிடிக்கத் தொடங்குவார்; முற்றம் கூட்டியவர் ஈர்க்குமாற்றை மருமகளிடம் கொடுத்துவிடுவார். அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் வயதை. நோவின் அளவை அதிலிருந்து வாசிக்க முடியாது. வாசிக்க முடியும் என்று நம்பி நாளாந்த வாழ்க்கையைப் படத்துக்கு ஏற்ப ஒடுக்கிக்கொண்டால் நோவு கூடத்தான் செய்யும். இந்த அத்தியாயம் இதைத்தான் நிறுவ முயல்கிறது.

முதலில் நாரியை எடுத்துக்கொள்வோம். 1994இல் அமெரிக்காவில் முதுகில் எந்த நோவும் இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையே கிடக்கும் டிஸ்க்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. பாதிப் பேருக்கு மேல் குறைந்தது ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. இப்படியான ஆய்வுகள் 33ஐ ஒன்று சேர்த்து, நோவில்லாத 3,110 பேரின் படங்களை வயதுவாரியாகப் பிரித்து 2015இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் சிதைவின் அடையாளங்கள் இருந்தன. இவர்கள் எல்லாரும் நாரி நோவு இல்லாதவர்கள் என்பதை மறக்கக்கூடாது. எண்பது வயதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு இருக்கும் ஒன்றை நோய் என்று சொல்வதானால் நரைமுடியையும் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். இதைவிட வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. டிஸ்க்கின் உள்ளீடு பிதுங்கி வெளியே வந்து நரம்பை அழுத்தும்போது அதைப் பெரும் அழிவாக நினைக்கிறோம். ஆனால் அப்படிப் பிதுங்கியவற்றைத் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தபோது, மிக மோசமானவைதாம், அதாவது துண்டாகப் பிரிந்து விழுந்தவைதாம், மிகுதியாகச் சுருங்கி மறைகின்றன என்று தெரிந்தது. வெளியே வந்த துண்டை உடலின் எதிர்ப்புக் கலங்கள் அந்நியப் பொருளாகக் கண்டு தின்று தீர்த்துவிடுகின்றன.

முழங்காலிலும் இதே கதைதான். அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் என்ற ஊரில் ஐம்பது வயது தாண்டிய 710 பேர். எக்ஸ்றேயில் மூட்டுத் தேய்வு எதுவும் தெரியாதவர்கள். அவர்களின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது 89 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு குறை இருந்தது. நோவு இருந்தவர்களில் இது 90 முதல் 97 சதவீதம். இல்லாதவர்களில் 86 முதல் 88 சதவீதம். இரண்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி எவ்வளவு சிறிது! மூட்டுக்குள் மெத்தைபோல் கிடக்கும் பிறைவடிவக் கசியிழையம் கிழிந்திருந்தவர்களைப் பற்றி அதே ஊரில் நடந்த இன்னோர் ஆய்வு 2008இல் வந்தது. கிழிவு இருந்தவர்களில் 61 சதவீதத்தினர் முந்திய ஒரு மாதத்தில் முழங்காலில் நோவோ விறைப்போ இருந்ததில்லை என்றார்கள். இவற்றையெல்லாம்விடக் கடுமையான சோதனை ஹூஸ்டன் நகரில் நடந்தது. தேய்ந்த முழங்காலுக்குள் குழாய்க் கருவி விட்டுக் கழுவியும் சுரண்டியும் சுத்தம் செய்யும் சத்திரசிகிச்சை அந்நாளில் பெருவழக்கு. 180 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுரண்டல், ஒரு குழுவுக்குக் கழுவல், மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளருக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் வெறும் கீறல் பெற்றவர்களைவிடச் சிறந்த நிலையில் இல்லை. முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கண்ணுக்குத் தெரிந்த குறையைக் கண்ணுக்குத் தெரியும்படி நீக்கியும் நோவு அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்படியென்றால் தேய்வுக்கும் நோவுக்கும் தொடர்பே இல்லையா? இல்லை என்று அடித்துச் சொல்லும் எழுத்துகள் இப்போது பெருகிவிட்டன. அது மறுபக்கத்துப் பிழை. 2009இல் வந்த ஓர் ஆய்வு கெட்டித்தனமான வழியில் இந்தக் கேள்வியை அணுகியது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஒரே ஆளின் இரண்டு முழங்கால்களை ஒப்பிட்டது. ஒரு கால் நோகிறது, மற்றது நோகவில்லை. எது கூடத் தேய்ந்திருக்கிறது? நோகும் கால்தான், அதுவும் தெளிவான வித்தியாசத்தோடு. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முக்கியமான உண்மை பிடிபடும். ஒரே உடலுக்குள் தேய்வு நோவைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் ஒப்பிடும்போது அந்தப் பங்கை மூடி மறைக்கும் அளவுக்கு வேறு ஏதோ மாறுபடுகிறது. இரண்டு முழங்கால்களுக்கும் பொதுவானது எது? ஒரே நரம்பு மண்டலம், ஒரே தூக்கம், ஒரே உடல் எடை, ஒரே கவலை. படத்தில் விழாத இவைதாம் அந்த வேறு ஏதோ.

நோவு எங்கே உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான கசியிழையத்தில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே அது தேய்வது தன்னளவில் யாருக்கும் நோகாது. நோவது அதைச் சுற்றியுள்ளவை: மூட்டின் உள்வரிச் சவ்வு அழற்சி கொள்ளும்போது, கீழே உள்ள எலும்பின் மச்சை வீங்கும்போது, இழுபடும் நார்கள் எரிச்சல் கொள்ளும்போது அங்கிருந்து செய்திகள் முள்ளந்தண்டு வடத்துக்குப் போகின்றன. அந்தச் செய்தி இன்னும் நோவு ஆகவில்லை. 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் எழுதிய கட்டுரை, முள்ளந்தண்டில் ஒரு வாயில் இருப்பதாகவும், கீழிருந்து வரும் செய்தியைக் கூட்டியோ குறைத்தோ மேலே விடுவதற்கு மூளையும் அதைத் திறந்து மூடுகிறது என்றும் சொன்னது. அவர்கள் வரைந்த சுற்றின் விவரங்களில் பல பின்னர் திருத்தப்பட்டன. அடிக் கருத்து நிலைத்துவிட்டது. நோகும் இடத்தைத் தடவிக்கொடுத்தால் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கும், நொச்சியிலை அவித்து ஒத்தணம் கொடுத்தாலும் சித்தாலேப்ப பூசினாலும் சற்று நேரமாவது ஏன் தணிகிறது என்பதற்கும் இது ஒரு பகுதி விடை தருகிறது. 1983இல் கிளிபர்ட் வூல்ப் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார்: தொடர்ந்து செய்தி வந்துகொண்டிருந்தால் முள்ளந்தண்டின் நரம்புக் கலங்கள் கூர்மை ஏறிவிடுகின்றன. முன்பு தாங்கிய தூண்டல் இப்போது நோகிறது. முன்பு தொடுகையாக இருந்ததே நோவாகிறது. இந்தக் கூர்மை காயம் ஆறிய பின்னும் நிற்கக்கூடும். பல ஆண்டு பழகிய நாரி நோவில் பிழை டிஸ்க்கில் எவ்வளவு, இந்தக் கூர்மையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஸ்கான் இன்றுவரை எந்த வைத்தியசாலையிலும் இல்லை.

இங்கேதான் ஒரு கோபமான கேள்வி எழும். ‘அப்ப என்ர நோவு வெறும் மனப்பிரமை எண்டு சொல்லுறியளோ?’ இல்லை. நரம்பு மண்டலமும் உடல்தான். அதில் ஏறிய கூர்மை காலில் ஏறிய முள்ளைப் போலவே உண்மையானது. யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கேள்வி வெறும் தர்க்கமும் இல்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் பொதுமக்களிடையே நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், மன அழுத்தம் உடல் உபாதையாக வெளிப்பட்டவர்கள் 41 சதவீதம். அச்சநோய், மனச்சோர்வு போன்ற வேறெந்த விளைவையும்விட இதுவே அதிகம். இடம்பெயர்வு, பங்கருக்குள் இரவு, காணாமல்போன பிள்ளை என்று வாழ்ந்த ஒரு தலைமுறை இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய நாரி நோவுக்கு அந்த ஆண்டுகளே காரணம் என்று ஒரு கோட்டை நேராக இழுத்துவிட முடியாது. அப்படி இழுப்பவரை நான் நம்பமாட்டேன். ஆனால் தூக்கமின்மையும் நீண்ட அச்சமும் நோவுச் செய்தியைப் பெருக்கும் என்பது சோதனைகளில் மீண்டும் மீண்டும் கண்டது. முழங்காலுக்கு மட்டும் படம் எடுத்து, இரவில் எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்காமல் அனுப்பும் வைத்தியம் பாதிக் கணக்கைப் பார்க்காமலே கூட்டுத்தொகை சொல்கிறது.

அடுத்த தடை, தேய்வு பற்றிய நினைப்பே. டயர் ஓட ஓடத் தேயும், ஆகவே மிச்சம் இருப்பதைச் சேமித்து வைக்க வேண்டும் என்ற கணக்கில்தான் முதியவர்கள் நடையைக் குறைக்கிறார்கள். கசியிழையம் உயிருள்ளது, டயருக்கு அந்தப் பேறு இல்லை. இரத்தக் குழாய் இல்லாத அதற்கு உணவு வருவது, காலை ஊன்றும்போது அழுந்தி நீரை வெளிவிட்டு, எடுக்கும்போது மீண்டும் உறிஞ்சுவதால்தான். முள்ளந்தண்டு காயப்பட்டுக் கால்கள் செயலிழந்தவர்களின் முழங்காலில் சுமையே இல்லாதபோதும் கசியிழையம் முதல் ஆண்டுக்குள்ளேயே மெலிந்துபோகிறது. மறுபக்கம், பிறைவடிவ இழையம் வெட்டி எடுக்கப்பட்ட நடுவயதினருக்கு நான்கு மாதம் அளவான உடற்பயிற்சி கொடுத்து சுவீடனில் பார்த்தபோது, கசியிழையத்துக்கு உறுதி கொடுக்கும் மூலக்கூறுகளின் அளவு கூடியிருந்தது. இது 2005இல் வந்த முடிவு. 2017இல் வாலஸ், லீபர்மன் முதலான ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 2,500க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளின் முழங்கால்களைச் சோதித்தார்கள். வரலாற்றுக்கு முந்திய வேடர்களும் விவசாயிகளும், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்களும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியினரும் அதில் இருந்தார்கள். கடைசிக் குழுவில் மூட்டுத் தேய்வு 16 சதவீதம். நடுக் குழுவில் 6 சதவீதம். நீண்ட ஆயுளையும் உடல் எடையையும் கணக்கிலிருந்து நீக்கிய பின்னும் இரண்டு மடங்கு வித்தியாசம் நின்றது. பயன்படுத்தியதால் தேய்ந்தது என்றால், நாள் முழுதும் உடலால் உழைத்தவர்களுக்கு அல்லவா கூடத் தேய்ந்திருக்க வேண்டும்?

கமக்காரர் ஒருவர் இதை ஏற்கமாட்டார், அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வெங்காயத் தறையிலும் புகையிலைத் தோட்டத்திலும் நாளெல்லாம் குந்தியிருந்து களை பிடுங்கியவர், அராலி வயலில் குனிந்து நாற்று நட்டவர், நூறு பனை ஏறி இறங்கியவர்: இவர்களுக்கு முழங்காலும் நாரியும் மற்றவர்களைவிட முந்தி நோகின்றன என்று ஊர் சொல்வதை அறிவியல் மறுக்கவில்லை. பீஜிங்கில் நடந்த ஆய்வு ஒன்றில், இளவயதில் நாளுக்கு மூன்று மணிநேரத்துக்கு மேல் குந்தியிருந்தவர்களுக்கு முதுமையில் முழங்கால் தேய்வு வரும் வாய்ப்பு, அப்படிக் குந்தாதவர்களைப்போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. பாரம் தூக்குவதும் முழந்தாளிடுவதும் சேர்ந்த தொழில்களிலும் இதே போக்கு. ஆகவே எல்லா அசைவும் நல்லது என்ற சுலோகம் எடுபடாது. மூட்டுக்கு ஒரு நடு எல்லை இருக்கிறது. அதற்கு மேலே காயம், கீழே மெலிவு. இளமையில் மேல் எல்லையைத் தாண்டி உழைத்த அதே ஆளை எழுபது வயதில் கீழ் எல்லைக்குக் கீழே தள்ளிக் கதிரையில் இருத்துவது முதல் தீங்குக்கு இரண்டாவது தீங்கைப் பரிகாரமாகக் கொடுப்பது.

கதிரையின் விலையை அளந்திருக்கிறார்கள். சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான ஒரு சிறு குழுவினரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007இல் வந்தது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போயிருந்தது. தொடையின் முன்தசைதான் முழங்காலைப் பிடித்து நிறுத்துவது. அது மெலிந்தால் ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சியை மூட்டு நேராக வாங்குகிறது, நோவு கூடுகிறது, ‘பார், நடந்ததாலதான்’ என்ற முடிவு வருகிறது, நடை இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை யாழ்ப்பாணத்தில் அன்பும் தள்ளிவிடுகிறது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். அம்மாவுக்கு நோகக்கூடாது என்பதற்காக வேலைக்கு ஆள், தண்ணீருக்கு மோட்டர், சந்தைக்கு ஓட்டோ எல்லாம் தொலைபேசியிலேயே ஒழுங்காகிவிடும். கிணற்றில் அள்ளிக் குளித்த கை, திருவலையில் இருந்து எழும்பிய கால், வேலியோரம் நடந்த நடை எல்லாம் ஒரே ஆண்டில் நின்றுபோகும். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் அறுபது தாண்டியவர்கள் 12.4 சதவீதம், அதன் பிறகு அந்தப் பங்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. இளையவர்கள் புறப்பட்டுப்போன ஊர்களில் இதன் பாரம் இன்னும் கூட.

சரி, நடு எல்லை எங்கே இருக்கிறது? பெர்லினில் சிலருக்குப் பொருத்திய செயற்கை முழங்காலுக்குள்ளேயே அளவுகருவி வைத்து, அன்றாட அசைவுகளின்போது மூட்டில் விழும் சுமையை நேரடியாக அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல 2.6 மடங்கு. கதிரையிலிருந்து எழும்பும்போது 2.5 மடங்கு. படி ஏறும்போது 3.2, இறங்கும்போது 3.5. இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடுமை என்பது முழங்கால் நோவுள்ள எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். கருவி அதை உறுதிப்படுத்தியது. ஆனால் என் கண்ணில் பட்ட எண் வேறு. மெதுவாகச் சைக்கிள் மிதிக்கும்போது மூட்டில் விழுவது உடல் எடையைப்போல 1.2 மடங்கு மட்டுமே, நடையில் பாதிக்கும் குறைவு. முழங்கால் முழு வட்டமும் மடங்கி நிமிர்கிறது, தொடைத்தசை வேலை செய்கிறது, கசியிழையத்துக்கு உணவும் போகிறது. தட்டையான நிலம் கொண்ட, 1990களில் எரிபொருள் தடையின்போது குடாநாடு முழுவதும் சைக்கிளிலேயே ஓடிய யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. வாழ்நாளில் சைக்கிள் ஓடியவர்களுக்கு அடிக்கடி முழங்கால் நோவு வருவது 17 சதவீதம் குறைவு என்று 2024இல் அமெரிக்காவில் 2,600 பேரிடம் கண்டார்கள். நல்ல முழங்கால் உள்ளவர்கள்தான் சைக்கிள் ஓடுகிறார்கள் என்றும் இதை வாசிக்கலாம் என்பதால் இதை நிரூபணமாக எடுக்க முடியாது. ஆனால் சுமை அளந்த எண்ணோடு இது ஒத்துப்போகிறது. இருக்கையின் உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். மிதி கீழே வரும்போது முழங்கால் இலேசாகவே மடங்கியிருக்க வேண்டும். பயத்தினால் இருக்கையைத் தாழ்த்திக் கால் தரையில் முட்ட ஓடினால் முழங்கால் கூடுதலாக மடங்கி, சில்லெலும்பின் பின்பக்கம் நெருக்குப்படும். விழும் பயம் உள்ளவர் ஒழுங்கையில் ஓடத் தேவையில்லை. பின்சில்லு தரையில் படாதபடி நிறுத்தி மிதித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இனி மிகக் கூர்மையான மறுப்பு. உடற்பயிற்சியால் கிடைக்கும் பயன் உண்மையில் சிறியது. முழங்கால் தேய்வுக்கு உடற்பயிற்சி பற்றி 139 ஆய்வுகளைச் சேர்த்து 2024இல் வந்த கொக்கிறேன் அமைப்பின் தொகுப்பு, நூறு புள்ளி அளவில் நோவு ஏறத்தாழ பத்துப் புள்ளி குறைவதாகவே கண்டது. அது நோயாளி உணரக்கூடிய அளவா என்பதிலேயே ஐயம் தெரிவித்தது. இதை மறைத்து உடற்பயிற்சியை அற்புதமாக விற்பது நேர்மையல்ல. ஆனால் எதோடு ஒப்பிட்டுச் சிறியது? திடீர் நாரி நோவுக்குப் பரசிற்றமோல், நம் ஊர்ப் பேச்சில் பனடோல், வேளை தவறாமல் எடுத்தவர்களும் தேவைப்படும்போது எடுத்தவர்களும் வெறும் மாத்திரை எடுத்தவர்களும் 16, 17 நாள்களில் குணமானார்கள் என்று 1,600க்கு மேற்பட்டோரிடம் நடந்த அவுஸ்திரேலிய ஆய்வு 2014இல் காட்டியது. டைக்குளோபெனாக் போன்ற அழற்சி மாத்திரைகள் நோவைத் தணிக்கத்தான் செய்கின்றன. அந்தத் தணிப்பும் பெரிதல்ல. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதில் சிறுநீரகமும் இரைப்பையும் இதயமும் அதற்கு விலை கொடுக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நீடித்த நாரி நோவுக்கு இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை, ஓப்பியொயிட் மாத்திரை மூன்றையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. உடற்பயிற்சியையும் நோவைப் புரியவைக்கும் விளக்கத்தையும் முன்வைத்தது. நடையின் பலன் நோவின் அளவில் மட்டும் இல்லை என்பதையும் சேர்க்க வேண்டும். நாரி நோவு தீர்ந்த 701 பேரைக் கொண்டு 2024இல் வந்த ஆய்வில், படிப்படியாகக் கூட்டிய நடைப்பயிற்சி எடுத்தவர்களுக்கு நோவு திரும்பிவர இடைநிலைக் கணக்கில் 208 நாள் பிடித்தது; எடுக்காதவர்களுக்கு 112 நாள். பக்கவிளைவாக அது இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இறக்கும். இந்தக் குணம் எந்த நோவு மாத்திரைக்கும் இல்லை.

சத்திரசிகிச்சையையும் ஒதுக்கிவிட முடியாது. மூட்டு முற்றாகச் சிதைந்து, இரவிலும் நோவு எழுப்பி, வீட்டுக்குள் நடையே முடியாதவருக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை இன்றைய மருத்துவத்தின் நல்ல கொடைகளில் ஒன்று. டென்மார்க்கில் அதற்குத் தகுதியான 100 பேரில் பாதிப் பேருக்குச் சத்திரசிகிச்சையும் பயிற்சியும், பாதிப் பேருக்குப் பயிற்சி முதலான சிகிச்சை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது முதல் குழுவே ஓராண்டு முடிவில் கூட முன்னேறியது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அங்கேதான் அதிகம். இரண்டாவது குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அந்த ஆண்டில் சத்திரசிகிச்சைக்குப் போகவில்லை. படம் அவசரமாக வேண்டிய நேரங்களும் உண்டு. நாரி நோவோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனப் பகுதி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த நோவு முள்ளந்தண்டுக் காசநோயாக இருக்கலாம். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் நாரி நோவும், சிறு வழுக்கலில் விழுந்த மூதாட்டிக்கு வரும் கூர்மையான முதுகு நோவும் படம் கேட்பவை. இந்தச் சந்தர்ப்பங்களில் கிறீன் கொண்டுவந்த பார்வைக்கு இணையில்லை. மிச்சம் உள்ள பெரும்பான்மையில்தான் அது வழிதவறுகிறது.

அந்தப் பெரும்பான்மைக்கு டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய திட்டம் ஒன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இயன்மருத்துவர் ஒருவர் சிறு குழுவுக்கு நோவைப் பற்றிய விளக்க வகுப்பு எடுக்கிறார். பிறகு பன்னிரண்டு தடவை மேற்பார்வையில் பயிற்சி. பயிற்சிகளில் ஒன்று கதிரையில் இருந்து கைபிடிக்காமல் எழும்புவது, இருப்பது, மீண்டும் எழும்புவது. அங்கே நோவுக்குக் கொடுக்கும் விதி, நம் ஊரில் பழகிய விதிக்கு நேரெதிர். பயிற்சியின்போது நோவு வரலாம். தாங்கக்கூடிய அளவில் இருந்து, அடுத்த நாளுக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அதே அளவைத் தொடரலாம், பிறகு கூட்டலாம். இறங்காவிட்டால் அடுத்த தடவை சற்றுக் குறைக்க வேண்டும், நிறுத்தத் தேவையில்லை. ஊன்றுகோல் பிடிப்பவர் நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பது போன்ற சிறிய செய்திகளும் அங்கேதான் சொல்லப்படுகின்றன. நம்மிடையே பலர் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். இதற்கு இயந்திரம் வேண்டாம். வட்டுக்கோட்டையிலும் சங்கரத்தையிலும் சித்தங்கேணியிலும் பத்திரிகை வாசிக்கத் திறக்கும் சனசமூக நிலையங்களில் கதிரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தட்டுப்பாடு இயன்மருத்துவருக்குத்தான், அரச வைத்தியசாலைகளில் உள்ள சிலர் பக்கவாதத்துக்கும் முறிவுக்குமே போதாமல் ஓடுகிறார்கள். வாரத்தில் ஒரு பின்னேரத்தை ஒரு நிலையத்துக்கு ஒதுக்கும் ஏற்பாடு வந்தால், எக்ஸ்றேக்கு எழுதும் துண்டின் பக்கத்தில் இந்த நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் வைத்தியர் எழுதிக்கொடுக்கலாம்.